ஓபி சீட்டில் "? மம்ப்ஸ்" என்று இருந்தால் எந்தக் கோட் போடுவது?

கேட்டவர் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். ஓபி சீட்டில் ஒரு டாக்டர் "மம்ப்ஸ்" (பொன்னுக்கு வீங்கி) என்று எழுதுகிறார், இன்னொருவர் "பரோடைடிஸ்" என்கிறார், மூன்றாமவர் முன்னால் கேள்விக்குறி போட்டு "? மம்ப்ஸ்" என்று விட்டுவிடுகிறார். மூன்றுக்கும் மம்ப்ஸ் கோடான பி26.9 போட்டுவிடலாமா? கூடப் படித்த தோழி புதுச்சேரியில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் கோடிங் செய்கிறார். கேள்விக்குறி இருந்தால் மம்ப்ஸ் கோடைத் தொடவே கூடாது என்கிறார். இங்கே சீனியரோ, போட்டே ஆக வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? போன வருஷத்துச் சீட்டுகளையும் திருத்தச் சொல்கிறார்கள், திருத்தலாமா?

(கோட் எண்களின் முன்னெழுத்தைத் தமிழில் எழுதுகிறேன், பி26 என்றால் B26. கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள்.)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இருவரையும் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது வேறு வேறு புத்தகம்.

உங்கள் மருத்துவமனையில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, நோய்களை வகைப்படுத்திக் கோட் எண் தரும் நூல். 1990இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டு, 1994 முதல் நாடுகள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மூன்று தொகுதி நூல். தோழி பார்ப்பது ஐசிடி-10-சிஎம். அதே நூலை அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்து எழுதிக்கொண்டது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே அதுதான் கட்டாயம், ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப் பதிப்பு வரும். இரண்டிலும் மம்ப்ஸ் பி26தான். ஆனால் டாக்டர் உறுதியாகச் சொல்லாத நோயை என்ன செய்வது என்பதில் இரண்டும் வேறு வேறு பக்கம் போகின்றன.

நம் ஐசிடி-10இன் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். பயிற்சி நிலையங்களில் பலரும் முதல் தொகுதியின் பட்டியலையும் மூன்றாம் தொகுதியின் அகரவரிசையையும் மட்டும் நடத்திவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். விதிகள் எல்லாம் இருப்பது இதில்தான். அங்கே இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறது. முதலாவது டாக்டருக்கு: சிகிச்சை முடிந்த பிறகும் நோய் உறுதியாகவில்லை என்றால், "இருக்கலாம்", "சந்தேகம்" என்று ஒட்டுப் போட்டு நோயின் பெயரை எழுதாமல், கண்ட அறிகுறியை எழுதுங்கள். இரண்டாவது கோடருக்கு: அப்படியும் "சந்தேகம்" என்றே எழுதி வந்திருந்து, மேற்கொண்டு விளக்கமும் கிடைக்கவில்லை என்றால், அந்த நோய் உறுதியானதாகவே எடுத்துக்கொண்டு கோட் செய்ய வேண்டும். உங்கள் சீனியர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது வாக்கியத்தை. அதன்படி "? மம்ப்ஸ்" பி26.9தான்.

சிஎம்மின் விதி இதற்கு நேர் எதிர், அதுவும் வெளிநோயாளிக்கு மட்டும். ஓபியில் "சந்தேகம்", "இருக்கலாம்", "இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதிய எதையும் நோயாகக் கோட் செய்யக் கூடாது; அன்றைக்கு உறுதியாகத் தெரிந்த அறிகுறி எதுவோ அதை மட்டும் போட வேண்டும். அதே சிஎம்மில், படுக்கையில் இருந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "மம்ப்ஸாக இருக்கலாம்" என்று இருந்தால், உறுதியானது போலவே கோட் செய்யலாம். ஆகவே தோழி ஓபி சார்ட் பார்ப்பவராக இருந்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. நாளைக்கே அவரை இன்பேஷன்ட் டீமுக்கு மாற்றினால், இதே வாக்கியம் அங்கே செல்லாது.

இந்த வித்தியாசம் ஏன் என்று என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அமெரிக்காவில் ஓபி கோட் பில்லோடு சேர்ந்து காப்பீட்டுக்காரரிடம் போகிறது; வராத நோய் ஒருவர் பெயரில் ஏறினால் அதை இறக்குவது பெரும்பாடு. உலக சுகாதார நிறுவனத்தின் நூல் முதன்மையாகப் புள்ளிவிவரத்துக்காகப் பிறந்தது. அங்கே "தெரியவில்லை" என்று காலியாக விடுவதைவிட, டாக்டர் எதை நினைத்து வைத்தியம் பார்த்தாரோ அது பதிவாவது பயன்படும்.

எனவே கடலூர் மேஜையில் நீங்கள் சீனியர் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் அந்த விதியின் நடுவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: "மேற்கொண்டு விளக்கம் கிடைக்கவில்லை என்றால்." விளக்கம் கேட்காமலே அந்த விதியைப் பயன்படுத்துவதுதான் நம் ஊர் ரெக்கார்ட் ரூம்களில் நடக்கிறது. டாக்டர் இரண்டு அறை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஓபி முடிகிற நேரம் பார்த்து சீட்டைக் கொண்டுபோய் நீட்டி, "சார், இது மம்ப்ஸ்தானா, இல்லை வீக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். அவர் கேள்விக்குறியை எடுத்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட்டால் வேலை முடிந்தது. "இன்னும் தெரியாது, ரத்தம் கொடுத்திருக்கிறோம்" என்றால் அதுவும் ஒரு பதில்தான். காய்ச்சல், முகவீக்கம் என்று அறிகுறியை எழுதித் தரச் சொல்லுங்கள். முகத்தில், தலையில் வரும் தனித்த வீக்கம் ஆர்22.0, கழுத்தில் என்றால் ஆர்22.1, காரணம் சொல்லாத காய்ச்சல் ஆர்50.9.

இனி "பரோடைடிஸ்". இதில் விழுந்து எழாத கோடர் குறைவு. பரோடைடிஸ் என்பது காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் அழற்சி, அவ்வளவே. மம்ப்ஸ் அதற்கு ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல. பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், இன்ஃப்ளுயன்சா ஏ, எச்ஐவி, ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, குழாயில் அடைத்த கல் என்று பட்டியல் நீளும். டாக்டர் வெறுமனே "அக்யூட் பரோடைடிஸ்" என்று எழுதினால் அகரவரிசை உங்களைக் கே11.2க்கு அனுப்பும். சிஎம்மில் அதற்கு இன்னும் ஓர் இலக்கம் வேண்டும்: அக்யூட் என்றால் கே11.21, திரும்பத் திரும்ப வரும் அக்யூட் கே11.22, நாள்பட்டது கே11.23. "எபிடமிக் பரோடைடிஸ்" அல்லது "இன்ஃபெக்ஷியஸ் பரோடைடிஸ்" என்று எழுதியிருந்தால்தான் பி26க்குப் போக வேண்டும். கே11.2க்குக் கீழே, எபிடமிக் பரோடைடிஸ் இங்கே சேராது, பி26ஐப் பார் என்று விலக்குக் குறிப்பே இருக்கிறது. ஆக உங்கள் மூன்று சீட்டில் நடுவில் இருப்பதற்கு, டாக்டரிடம் கேட்காதவரை, பி26.9 கிடையாது.

நான்காவதாக ஒரு வகைச் சீட்டும் உங்களுக்கு வரும், நீங்கள் கேட்கவில்லை. நர்ஸ் எழுதும் முதல் வரியில் "பொன்னுக்கு வீங்கி, 4 நாள்" என்று இருக்கும். அது அம்மா சொன்னது. பண்ருட்டியிலிருந்தோ பாகூரிலிருந்தோ வருகிற தாய்க்குக் கன்னம் வீங்கினாலே பொன்னுக்கு வீங்கிதான்; கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டு, நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நோயாளி சொன்னதை நோயாகக் கோட் செய்ய எந்தப் புத்தகமும் அனுமதிக்கவில்லை. கீழே டாக்டரின் முடிவு "சப்மேண்டிபுலர் நிணநீர்க்கட்டி வீக்கம்" என்று இருக்கலாம், "பல் சீழ்க்கட்டி" என்று இருக்கலாம். கோட் கீழ்வரியிலிருந்து வர வேண்டும். ஆனால் அந்த முதல் வரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், "4 நாள்" என்பது பொன் மாதிரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது பி26 குடும்பம். பி26.0 விரை அழற்சியோடு வந்த மம்ப்ஸ், பி26.1 மெனிஞ்சைடிஸ் (மூளையுறை அழற்சி), பி26.2 என்செஃபலைடிஸ் (மூளை அழற்சி), பி26.3 கணைய அழற்சி, பி26.8 மற்ற சிக்கல்கள், பி26.9 சிக்கல் இல்லாதது. உலகப் பதிப்பு இதோடு நின்றுவிடுகிறது. சிஎம் மட்டும் எட்டை உடைக்கிறது: கல்லீரல் பி26.81, இதயத்தசை பி26.82, சிறுநீரகம் பி26.83, நரம்புகள் பி26.84, மூட்டு பி26.85, மிச்சமெல்லாம் பி26.89. அதனால் உங்கள் மென்பொருளில் பி26.81 அடித்தால் ஏற்காது. தோழியின் மென்பொருளில் வெறும் பி26.8 அடித்தால் முழுமையில்லை என்று திருப்பி அனுப்பும். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவதெல்லாம் சிஎம் தளங்கள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கே வேலை பார்க்கும் புதியவர்கள் தவறான கோட் எடுப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

உலகப் பதிப்பில் மட்டும் இருக்கிற இன்னொன்று டாகர் (†), ஆஸ்டெரிஸ்க் (*) குறிகள். நோயின் மூலத்துக்கு டாகர், அது வெளிப்பட்ட உறுப்புக்கு ஆஸ்டெரிஸ்க். மம்ப்ஸ் மெனிஞ்சைடிஸுக்குப் பி26.1 டாகர், கூடவே ஜி02.0 ஆஸ்டெரிஸ்க். விரை என்றால் பி26.0 உடன் என்51.1. கணையம் என்றால் பி26.3 உடன் கே87.1. டாகர் கோட் முதலில் வர வேண்டும், ஆஸ்டெரிஸ்க் தனியாக நிற்கக் கூடாது. சிஎம்மில் இந்த இரட்டைக் கோட் மம்ப்ஸுக்குத் தேவையில்லை, பி26.0 ஒன்றே போதும். பக்கத்தில் விரை அழற்சிக்கான என்45.2 போட்டால் ஆடிட்டர் சுழித்துவிடுவார்.

ஐசிடி-11 பற்றியும் யாராவது உங்களைக் குழப்புவார்கள். அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதில் மம்ப்ஸ் 1டி80. உங்கள் மருத்துவமனை மாறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பி26.9ஐ எல்லோரும் ஒரு பொதுப் பை மாதிரி நினைக்கிறார்கள். பார்த்தால் அதன் தலைப்பே "சிக்கல் இல்லாத மம்ப்ஸ்" என்கிறது. அதைப் போடும்போது சிக்கல் இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனவே பி26.0 போட்ட சீட்டில் கன்னமும் வீங்கியிருக்கிறதே என்று பக்கத்தில் பி26.9 போடுவது முன்னுக்குப் பின் முரண். இரண்டு சிக்கல் இருந்தால் இரண்டு கோட் போடலாம், பி26.0உம் பி26.3உம் ஒரே சீட்டில் இருக்கலாம். ஒன்பது மட்டும் யாரோடும் சேராது.

அதோடு காப்பீட்டு விஷயம். கேஷ்லெஸ்ஸில் அட்மிட் ஆன குழந்தைக்கு முதன்மைக் கோட் பி26.9 என்று போனால், சிக்கலில்லாத மம்ப்ஸுக்கு மருந்தே கிடையாது, ஓய்வும் காய்ச்சல் மாத்திரையும்தான், எதற்காகப் படுக்கை என்று கேள்வி வரும். நியாயமான கேள்வி. குழந்தை விழுங்க முடியாமல் நீர்ச்சத்து வற்றி வந்திருந்தால், டாக்டர் அதை எழுதியிருந்தால், அதற்கும் கோட் இருக்கிறது, ஈ86. அதை எழுத வைப்பதுதான் வழி. "தலைவலின்னு இருக்கே, பி26.1 போட்டுடு" என்று பில்லிங்கிலிருந்து யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மெனிஞ்சைடிஸ் என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு மூன்றும் சேர்ந்து இருந்தாலும், அதைக் கூட்டி நோயாக்குவது நம் வேலையில்லை. டாக்டர் "மெனிங்கோ என்செஃபலைடிஸ்" என்று எழுதினால் அகரவரிசை பி26.2க்குப் போகும், ஒன்றுக்குப் போகாது. இதில் ஊகம் வேண்டாம், புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

சிக்கல்களில் கணையம்தான் ரெக்கார்ட்காரர்களை அதிகம் ஏமாற்றுகிறது. லேப் ரிப்போர்ட்டில் அமைலேஸ் என்ற நொதி ஏகத்துக்கு ஏறியிருக்கும், குழந்தைக்கு வயிற்றுவலி வேறு. உடனே கை பி26.3ஐத் தேடும். ஆனால் அமைலேஸ் கணையத்தில் மட்டும் சுரப்பதில்லை, உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சுரக்கிறது. கன்னம் வீங்கிய மம்ப்ஸ் நோயாளிக்குக் கணையம் பத்திரமாக இருக்கும்போதே அமைலேஸ் ஏறும். கணையத்தைக் காட்டிக்கொடுப்பது லைபேஸ் என்ற இன்னொரு நொதி. அதனால்தான் இங்கே குவெரி, அதாவது டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பு, எழுதும்போது, "அமைலேஸ் இவ்வளவு இருக்கிறது, கணைய அழற்சி என்று எழுதலாமா?" என்று கேட்கக் கூடாது, அது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது. "அமைலேஸ் உயர்வுக்கும் வயிற்றுவலிக்கும் மருத்துவ முக்கியத்துவம் ஏதேனும் இருந்தால் பதிவு செய்யவும்" என்று கேளுங்கள். லைபேஸ் பார்த்தாரா, ஸ்கேன் பார்த்தாரா, முடிவு என்ன என்பதை அவர் எழுதட்டும்.

விரையழற்சி பருவம் கடந்த ஆண்களுக்கு வருவது. தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பது பேர் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் கன்ன வீக்கம் தொடங்கி ஒரு வாரம் போல் கழித்து வரும். ஆகவே முதல் வருகையில் பி26.9, எட்டாம் நாள் திரும்ப வந்தபோது பி26.0 என்பது இயல்பு. முதல் சீட்டை அதற்காக மாற்ற வேண்டாம், அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கன்னம் வீங்காமலே விரை மட்டும் வீங்குவதும் உண்டு. அப்போது டாக்டர் "மம்ப்ஸ் ஆர்கைடிஸ்" என்று முழுதாக எழுதினால் பி26.0, "ஆர்கைடிஸ்" என்று நிறுத்தினால் உலகப் பதிப்பில் என்45.9, சிஎம்மில் என்45.2. பல வருஷம் கழித்துக் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வருகிறவரின் கோப்பில் "சின்ன வயதில் மம்ப்ஸ்" என்று மட்டும் இருந்தால் அது பழைய நோய் வரலாறு, இசட்86.1. டாக்டர் அந்த மம்ப்ஸால்தான் இது என்று எழுதினால் என்46 உடன் பின்விளைவுக் கோட் பி94.8. மம்ப்ஸ் வந்தால் பிள்ளை பிறக்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. முழு மலட்டுத்தன்மை அபூர்வம். அந்தப் பேச்சை வைத்து இரண்டையும் நீங்களே முடிச்சுப் போடாதீர்கள்.

காது கேளாமை அரிது, வந்தால் பெரும்பாலும் ஒரு காதில், திடீரென்று. ஒரு பக்க நரம்புவழிக் கேளாமைக்கு எச்90.4. எச்91.2 என்றொரு கோட் "திடீர்" என்ற சொல்லைப் பார்த்ததும் கவர்ந்திழுக்கும். அது காரணம் தெரியாத திடீர் கேளாமைக்கு. மம்ப்ஸ் என்று காரணம் எழுதிய பிறகு அங்கே போகக் கூடாது.

இப்போது தடுப்பூசி வரி. ஆவணத்தில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வரி "இம்யூனைஸ்டு அப் டு டேட்" என்பது. அதைப் படித்துவிட்டு இந்தக் குழந்தைக்கு மம்ப்ஸ் வந்திருக்காதே என்று தோன்றும். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது எம்ஆர், அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். மம்ப்ஸ் அதில் இல்லை. 2017 பிப்ரவரியில் எம்ஆர் இயக்கம் நாட்டிலேயே முதல் கட்டமாகத் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. கர்நாடகம், கோவா, லட்சத்தீவும் கூட. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடங்களில் வரிசையில் நிற்க வைத்துப் போட்டார்கள், நினைவிருக்கும். மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என்று மூன்று தவணை சொல்கிறது. ஆக, ஆரம்ப சுகாதார நிலையத்தின் அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தாலும் அந்தக் குழந்தைக்கு மம்ப்ஸுக்கு எதிரான பாதுகாப்பு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். 2024 தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மம்ப்ஸ் நிறையத் தலைகாட்டியபோது பெற்றோர் பலர் "எல்லா ஊசியும் போட்டோமே" என்று கேட்டதற்குப் பின்னால் இருந்தது இதுதான்.

அட்டையைப் பார்த்துப் பதியும்போது "எம்ஆர் 2 தவணை, எம்எம்ஆர் இல்லை" என்று அப்படியே எழுத வேண்டும். எம்ஆர் என்று அட்டையில் இருப்பதை எம்எம்ஆர் என்று பழக்கத்தில் அடித்துவிடுகிறார்கள். ஓர் எழுத்துதான், ஆனால் அதற்குப் பிறகு கோப்பைப் படிக்கும் டாக்டர் லேப் முடிவையே வேறு மாதிரி புரிந்துகொள்வார். எம்எம்ஆர் போட்டவருக்கு உண்மையிலேயே மம்ப்ஸ் வந்தாலும் ஐஜிஎம் (ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள்) எதிர்மறையாக வரக்கூடும். சமீபத்தில்தான் ஊசி போட்டார் என்றால் நோயே இல்லாமல் ஐஜிஎம் நேர்மறையாக வரக்கூடும். பாராஇன்ஃப்ளுயன்சாவும் சில சமயம் பொய்யாக நேர்மறை காட்டும். ஊசி போட வந்தவருக்கு, நோய் ஒன்றும் இல்லாமல், உலகப் பதிப்பில் இசட்27.4 என்று எம்எம்ஆருக்கே தனிக் கோட் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த "4 நாள்" விஷயம் இங்கேதான் வருகிறது. வைரஸைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது கன்னத்தின் உட்புறத்திலிருந்து, சுரப்பியை 30 விநாடி போல் வெளியிலிருந்து தேய்த்துவிட்டு. வீக்கம் தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்தால் வைரஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். சங்கிலி போட்டு நாலு நாள் காத்திருந்து வந்த குழந்தைக்கு பிசிஆர் எதிர்மறை என்றால் மம்ப்ஸ் இல்லை என்று ஆகிவிடாது. வீக்கம் தொடங்கிய தேதி கோப்பில் இருந்தால்தான் டாக்டரால் அதை எடை போட முடியும். பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்பலாம் என்ற சான்றிதழுக்கும் அதே தேதிதான் ஆதாரம், வீக்கம் தொடங்கி ஐந்து நாள் விலகியிருக்க வேண்டும் என்பதால். "4 நாள்" என்று மட்டும் இருந்தால் எந்த நாளிலிருந்து என்று இரண்டு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. தேதியாக எழுதச் சொல்லுங்கள். வலமா இடமா இரண்டுமா என்பதையும். பி26இல் பக்கத்துக்குத் தனி இலக்கம் கிடையாது, கோடுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வீங்கினால் கல்லையோ வேறு நோயையோ நினைக்க வைப்பது அந்தக் குறிப்புத்தான்.

லேப் முடிவைப் பார்த்து நீங்களே கோட் மாற்றுவதும் கூடாது. ஐஜிஎம் நேர்மறை என்ற தாள் கோப்பில் இருக்கிறது, டாக்டர் சீட்டில் இன்னும் "? மம்ப்ஸ்" என்றால், தாளை அவரிடம் காட்டுங்கள். அவர் எழுதிய பிறகு கோட். இதையும் பொது சுகாதார அறிக்கையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளருக்கு எஸ் படிவம், டாக்டர் அனுமானத்துக்குப் பி (P) படிவம், ஆய்வக உறுதிக்கு எல் படிவம் என்று இருக்கிறது. அங்கே "அனுமானம்" என்பதற்கே ஓர் இடம் உண்டு, சந்தேகத்தோடு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஐசிடி கோடில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஒரே விடுதியில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கியிருந்தால், உங்கள் கோட் முடிவாகிற வரை அந்த அறிக்கை காத்திருக்க வேண்டியதில்லை.

தோழிக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அவரும் படிப்பார் என்பதால். வீட்டில் ஒருவருக்கு மம்ப்ஸ், பயந்துபோய் வந்த அறிகுறியில்லாத ஆளுக்கு இசட்20.828. அமெரிக்கக் கல்லூரியில் சேர எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வந்தால் இசட்01.84, பரிசோதனைக்கு சிபிடி (அமெரிக்காவில் பரிசோதனை, சிகிச்சைகளுக்கான கோட்) 86735. கர்ப்பிணிக்கு மம்ப்ஸ் என்றால் பி26 முதலில் வரக் கூடாது, ஓ98.5 வரிசையில் மாதத்துக்குத் தகுந்த கோட் முதலில், பி26 அடுத்து. வேறு எதற்கோ அட்மிட் ஆகி நாலாம் நாள் கன்னம் வீங்கிய நோயாளிக்கு, சேரும்போதே இருந்ததா என்ற பிஓஏ கட்டத்தில் தானாக "இல்லை" போட்டுவிட வேண்டாம். மம்ப்ஸ் உடம்புக்குள் 12 முதல் 25 நாள் வரை பதுங்கியிருக்கும். அந்தக் கணக்கை நாமே போட்டு "ஆம்" என்றும் எழுதக் கூடாது, டாக்டருக்குக் குவெரி.

கடைசியாகப் பழைய சீட்டுகள். கோடை மட்டும் மாற்றுவது என்றால், அதாவது சீட்டில் "அக்யூட் பரோடைடிஸ்" என்று தெளிவாக இருந்தும் பி26.9 என்று ஏறியிருந்தால், அது நம் பக்கத்துப் பிழை. சீனியர் ஒப்புதலோடு கே11.2 என்று திருத்தலாம். பழைய கோட் எது, எப்போது, யார் மாற்றியது என்ற தடம் மென்பொருளில் நிற்க வேண்டும். ஆனால் "? மம்ப்ஸ்" என்ற சீட்டில் கேள்விக்குறியை எடுக்கவோ, "பரோடைடிஸ்" பக்கத்தில் "எபிடமிக்" என்று சேர்க்கவோ சொன்னார்கள் என்றால் செய்யாதீர்கள், டாக்டரே பேனாவை நீட்டிச் சொன்னாலும். அவர் சேர்க்க வேண்டுமென்றால், பின்னால் எழுதிய குறிப்பு என்ற தலைப்போடு, எழுதுகிற இன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு, தனியாக எழுதிக் கையெழுத்திடட்டும். ஒரு வருஷத்துக்கு முன் பார்த்த குழந்தையின் கன்னம் நினைவில் இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும். உங்கள் புத்தகத்தின்படி அதற்குப் பி26.9 ஏற்கெனவே சரியான கோட்தான்.